பின்னால் வேனா, கேரியரில் பையா?

பன்னிரண்டு பேர், ஆயிரம் கிலோமீட்டர், சைக்கிள். இயற்கைக்குச் சுமையாகாமல் பயணம் போவோம், வழியெங்கும் மனிதர்களை அறிந்துகொள்வோம் என்று ஒருமனதாகக் கிளம்பும் குழு, அடுத்த நிமிடமே இரண்டாகப் பிரியும் கேள்வி ஒன்று உண்டு. மூட்டை முடிச்சுகளை வேனில் ஏற்றுவதா, அவரவர் சைக்கிளில் கட்டிக்கொள்வதா?

முதலில் புகைக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வேன் இந்தத் தூரத்துக்கு 100 லிட்டர் குடிக்கும். அதாவது 270 கிலோ, தலைக்கு 22 கிலோ சொச்சம். சைக்கிள்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தால் இன்னும் கூடும். ஆனாலும் இதை மட்டும் வைத்து வேனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைவிலிருந்து நான்கு பேர் விமானத்தில் வந்து சேர்ந்தாலே இந்தக் கணக்கு அடிபட்டுப் போகும். ரயிலில் வருவதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

வேனோடு எனக்குள்ள வழக்கு வேறு. தண்ணீர், சாப்பாடு, கூடாரம், பஞ்சர் பசை எல்லாம் பின்னாலேயே வந்தால், வழியில் யாருடைய உதவியும் தேவைப்படுவதில்லை. பாட்டிலோடு ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்க வேண்டியதில்லை. ஸ்போக் உடைந்தால் பட்டறை எங்கே என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த விசாரிப்பில்தான் பேச்சே தொடங்கும். ஆறு எப்போது வற்றியது, இளைஞர்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் காதில் விழும். 1976இல் அமெரிக்காவின் குறுக்கே நடந்த பைக்சென்டெனியல் பயணத்தில் 4,000க்கும் அதிகமானோர் சைக்கிள் ஓட்டினார்கள். வழியிலிருந்த தேவாலயங்களும் பள்ளிகளும் அவர்கள் இரவில் படுக்க இடம் கொடுத்தன.

சுமைக்கும் விலை உண்டு. ஆளுக்கு 15 முதல் 20 கிலோ. சமதளத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஏற்றத்தில் தொடை சொல்லிவிடும். வேனை நம்பி ஒரு நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டும் குழு, சுமையோடு 60, 70இல் நின்றுவிடலாம். முழங்கால் வலிக்காரர், வயதில் மூத்தவர், முதல்முறை வருபவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேன் உதவும் என்பதை மறுக்க மாட்டேன். திடமானவர்கள் மட்டுமே வரக்கூடியதைக் கூட்டுப் பயணம் என்று சொல்ல எனக்கு நா எழாது. அதனால் சமையல் பாத்திரமும் கருவிகளும் வலுவானவர்களிடம், மாற்றுத்துணி மட்டும் முடியாதவரிடம் என்று பங்கிடலாம். வேன் தவிர்க்கவே முடியாது என்றால், பின்தொடராமல் முன்கூட்டியே இரவுத் தங்கலுக்குப் போய்விடட்டும். சாப்பாடும் தண்ணீரும் அதில் வேண்டாம்.

தங்குமிடம்தான் என் முடிவை உறுதியாக்கியது. 1993இல் தொடங்கிய வார்ம்ஷவர்ஸ் போன்ற அமைப்புகள் வழியாகச் சைக்கிள் பயணிகளுக்கு வீட்டில் இடம் தருபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் ஒரே வாசலில் இறங்கினால் எந்த வீடு தாங்கும்? நான்கு நான்காகப் பிரிந்து, மூன்று நாளுக்கொரு மாலை ஓரிடத்தில் கூடினால் மூன்று வீட்டுத் திண்ணைப் பேச்சும் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரே வேனை நம்பியிருக்கும் குழு இப்படிப் பிரிய முடியாது. பிரிபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒவ்வொரு நால்வரிடமும் ஒரு பம்ப், இரண்டு உபரி டியூப், பஞ்சர் பசை, செயின் கழற்றும் கருவி தனித்தனியாக இருக்க வேண்டும்.