பெரிய அணிகளும் 8 எம்பி ஸ்டாக்கும்: ஃபோர்ட்ரானில் எந்தத் தீர்வு நிலைக்கும்?

1000-க்கு 1000 அணியோடு ஒழுங்காக ஓடிய ஃபோர்ட்ரான் நிரல், அளவை 1100 ஆக்கியதும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்ற ஒற்றை வரியோடு விழுகிறது; துணைநிரலின் முதல் வரியாக வைத்த பிரிண்ட் கூட வெளிவருவதில்லை. 32 ஜிபி ராம் உள்ள கணினியில் இது எப்படி? இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 8 பைட் வீதம் முதல் அணி 80,00,000 பைட், இரண்டாவது 96,80,000 பைட். துணைநிரல்களின் தற்காலிகத் தரவுக்காக லினக்ஸ் வழக்கமாகத் தரும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கின் எல்லையோ 83,88,608 பைட், அதாவது 8 எம்பி. பிரிண்ட் அழைப்புக்கும் ஸ்டாக்கில் அணியைத் தாண்டி இடம் வேண்டும் என்பதால், அதுவே முதலில் மாட்டிக்கொள்கிறது.

துணைநிரலை அழைக்கும்போதுதான் அளவு தெரியவரும் அணிகளை இன்டெல் கம்பைலர் ஸ்டாக்கில் வைக்கும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் ஹீப்பில், அதாவது நிரல் தேவைப்படும்போது கேட்டுப் பெறும் பொது நினைவகப் பகுதியில், வைக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டும் 'ஓஃபாஸ்ட்' தெரிவைக் கொடுத்தால் அதுவும் ஸ்டாக்குக்கு மாறிவிடும்.

பலரும் முதலில் எடுப்பது, ஸ்டாக்கின் எல்லையை நீக்கும் 'யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்' என்ற ஷெல் கட்டளை. வானிலை மாதிரிகளை ஓட்டுபவர்கள் இதை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். நிரலைத் தொடாமல் ஒரு நொடியில் காரணத்தை உறுதிசெய்து தருவதால், நோயறியும் கருவியாக இதற்கு ஈடில்லை. மருந்தாக நான் இதை நம்புவதில்லை. நிரலை வேறொருவர் வேறொரு கணினியில் ஓட்டும்போது அந்தக் கட்டளை கூடவே போவதில்லை. மேலும், 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஓடும் லினக்ஸில், எல்லையை அன்லிமிடெட் ஆக்கினால் புதிய த்ரெட்களுக்கான (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) இயல்பு ஸ்டாக் 8 எம்பியிலிருந்து 2 எம்பியாகக் குறைந்துவிடுகிறது. த்ரெட்களாகப் பிரிந்து ஓடும் ஓப்பன்எம்பி நிரல்களுக்கு ஓஎம்பி_ஸ்டாக்சைஸ் என்ற சூழல்மாறியைத் தனியாக அமைக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்டெல் கம்பைலரின் 'ஹீப்-அர்ரேஸ்' தெரிவு இதைவிட மேல், ஏனெனில் அது பில்ட் கோப்பிலேயே பதிவாகிவிடுகிறது. அழைக்கும்போது அளவு தெரியவரும் அணிகளோடு, கணக்கின் நடுவே கம்பைலர் உருவாக்கும் தற்காலிக அணிகளையும் அது ஹீப்புக்கு அனுப்பும். லட்சம் முறை அழைக்கப்படும் சிறு துணைநிரலில் ஒவ்வொரு முறையும் ஹீப்பில் இடம் கேட்பதால் வேகம் குறையக்கூடும்.

அணிக்கு 'சேவ்' பண்பு கொடுப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத வழி. நிரல் ஓடும்வரை மாறாமல் இருக்கும் நிலையான நினைவகத்துக்கு அணி போய்விடுவதால் விழுவது நிற்கும். ஆனால் எல்லா த்ரெட்களும் ஒரே அணியில் எழுதும்போது சத்தமில்லாமல் தவறான விடை வரும், அதற்கு நிரல் விழுந்திருந்தாலே தேவலை. ஜிஃபோர்ட்ரான், அளவு முன்பே தெரிந்த பெரிய அணிகளைத் தானாகவே நிலையான நினைவகத்தில் வைக்கிறது. ஓப்பன்எம்பி தெரிவைச் சேர்த்ததும் அவை ஸ்டாக்குக்கு வந்துவிடுகின்றன. நேற்றுவரை ஓடிய நிரல் அந்த ஒரு தெரிவால் விழுவதன் ரகசியம் இதுவே.

எஞ்சுவது, ஓடும்போது இடம் கேட்டுப் பெறும் 'அலொகேட்டபிள்' அணி. அறிவிப்பை மாற்றி ஒரு அலொகேட் வரியைச் சேர்க்கும் உழைப்பு உண்டு. ஆனால் எந்தக் கம்பைலரிலும் தரவு ஹீப்புக்கே போகும், துணைநிரல் முடிந்ததும் தானாக விடுவிக்கப்படும், இடம் கிடைத்ததா என்று சொல்லும் 'ஸ்டாட்' மூலம் தோல்வியையும் பிடிக்கலாம். அந்த ஸ்டாட்டை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம்: லினக்ஸ் கையிருப்புக்கு மேலும் இடம் தருவதாக ஒப்புக்கொண்டு, அணியை நிரப்பும்போதுதான் நிரலைக் கொல்லும். அப்போது திரையில் வருவது 'கில்டு' என்ற சொல். அதற்கு யூலிமிட்டும் உதவாது, அணியைத் துண்டாக்க வேண்டும் அல்லது துல்லியத்தை 4 பைட்டுக்கு இறக்க வேண்டும்.