விட்பியா, ஸ்கார்பரோவா? யார்க்‌ஷயர் கரையில் எந்த ஊருக்குப் போவது

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், சுமார் 20 மைல் இடைவெளியில் இரண்டு ஊர்கள். வடக்கே விட்பி, தெற்கே ஸ்கார்பரோ. யார்க், லீட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கடல் பார்க்கக் கிளம்பினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போவார்கள். எது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். இரண்டு இடத்திலும் அதே வட கடல்தான். இரண்டிலும் குன்றின் மேல் ஓர் இடிபாடு, கீழே படகுத்துறை, தெருவெல்லாம் மீன் வறுவல் வாசனை. ஆனால் ஊர்களின் குணம் வேறு. விட்பி கடலை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே நாம் பார்ப்பதில் பாதி அந்தப் பிழைப்பு விட்டுச்சென்ற மிச்சம். ஸ்கார்பரோ, ஓய்வுக்கு வருகிறவர்களுக்காகவே தன்னைக் கட்டிக்கொண்ட ஊர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகல்தான் கையில் இருக்கிறது, படி ஏறச் சிரமமில்லை என்றால் விட்பி. சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால், அல்லது இரவு தங்குவதாக இருந்தால் ஸ்கார்பரோ.

போய்ச் சேருவதில் ஸ்கார்பரோவுக்குப் போட்டியே கிடையாது. யார்க்கில் ரயில் ஏறினால் ஏறத்தாழ 50 நிமிடம். ஸ்டேஷனில் இறங்கிக் கீழ்நோக்கி நடந்தால் கடல் வந்துவிடும். அந்த ஸ்டேஷனின் நடைமேடையில் சுமார் 139 மீட்டர் நீளத்துக்கு ஒரே பெஞ்சு ஓடுகிறது. கோடையில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலத்தின் சாட்சி அது.

விட்பிக்கு அப்படி நேர் வழி இல்லை. மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ஒன்றரை மணி நேர ரயில் உண்டு. அதுவும் ஒரு நாளைக்குச் சில முறைதான். லீட்ஸ், யார்க் வழியாக வரும் 840 பேருந்து, மூர் எனப்படும் மேட்டுநிலப் புல்வெளியைக் கடந்து போகும். ஆகஸ்ட் கடைசியில் போனால் இருபுறமும் ஹெதர் பூத்து ஊதா நிறத்தில் கிடக்கும், நேரம் போவது தெரியாது. பிள்ளைகளுக்கு ரயில் பைத்தியம் என்றால் பிக்கரிங்கிலிருந்து நீராவி ரயிலில் விட்பிக்கு வரலாம். வழியில் கோத்லண்ட் என்ற சிறு ஸ்டேஷன் வரும். ஹாரி பாட்டர் முதல் படத்தில் ஹாக்ஸ்மீட் ஸ்டேஷனாக வந்தது அதுதான். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கோடைச் சனி ஞாயிறுகளில் விட்பியில் வண்டி நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். காலை பத்துக்குள் போய்விடுங்கள்.

குன்றின் மேல் இருக்கும் இடங்களைப் பார்ப்போம். இங்கேதான் விட்பி முந்துகிறது.

விட்பி ஊரை எஸ்க் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையின் குறுகலான கல் பாவிய தெருவில் நடந்தால் முடிவில் 199 படிகள். எண்ணிக்கொண்டே ஏறுவது எல்லோருடைய வழக்கம், உச்சியில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். மேலே புனித மேரி தேவாலயம். கல்லறைகள் கடற்காற்றில் அரித்து எழுத்தே தெரியாமல் நிற்கின்றன. குன்றின் விளிம்பு அவ்வப்போது சரிவதால் தேவாலயத் தோட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலிடம் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தாண்டினால் மடாலயம்.

கி.பி. 657இல் ஹில்டா என்ற பெண் துறவி இங்கே ஒரு மடம் நிறுவினார். ஆண்களும் பெண்களும் துறவு வாழ்ந்த அந்த மடத்துக்கு அவரே தலைவி. 664இல் இங்கே கூடிய சபைதான் ஈஸ்டர் பண்டிகையை எந்தக் கணக்கில் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. நார்தம்பிரியா அரசர் ஆஸ்வியு அயர்லாந்துத் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினார், அரசி ரோமாபுரிக் கணக்கை. அதனால் ஒரே அரண்மனையில் அரசர் விருந்துண்ணும்போது அரசி விரதத்தில் இருந்த ஆண்டுகள் உண்டாம். சபை ரோமாபுரியின் பக்கம் சாய்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் போக்கையே அது மாற்றிவிட்டது. பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞரான காட்மனும் இந்த மடத்து மாட்டுக்காரர்தான். இன்று நிற்கும் உயரமான வளைவுகள் அந்தப் பழைய மடம் அல்ல. பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டியது. எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தை மூடியபின் கூரை போனது, சுவர்கள் மிஞ்சின. அந்தச் சுவர்களுக்கு நடுவே நின்று கடலைப் பார்ப்பதற்காகவே விட்பிக்குப் போகலாம் என்பேன். முழங்கால் வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். மடாலயத்துக்கு அருகிலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, படி ஏறாமல் சாலை வழியே மேலே வந்துவிடலாம்.

ஸ்கார்பரோ கோட்டை இதற்குக் குறைந்த வரலாறு கொண்டதல்ல. வட விரிகுடாவையும் தென் விரிகுடாவையும் பிரிக்கும் முனையில் நிற்கிறது. ரோமானியர் காலக் காவல் கோபுரத்தின் அடித்தளம் அங்கே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி கட்டிய கோபுரம் இப்போது ஒருபுறம் பிளந்து நிற்கிறது. 1645இல், உள்நாட்டுப் போரின்போது, நாடாளுமன்றப் படையின் பீரங்கி செய்த வேலை அது. இரு பக்கமும் விரிகுடாக்கள் தெரியும் காட்சி அருமை. ஆனால் உள்ளே பெரும்பாலும் வெட்டவெளிப் புல்தரை. கதை தெரிந்தவருக்குத்தான் பிடிபடும். 1914 டிசம்பர் 16 காலையில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் முதலில் ஸ்கார்பரோவையும் பிறகு விட்பியையும் சுட்டன. கோட்டை, மடாலயம் இரண்டிலுமே குண்டுகள் விழுந்தன. ‘ஸ்கார்பரோவை நினைவில் கொள்ளுங்கள்’ என்று ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகள் அதன்பின் நாடெங்கும் ஒட்டப்பட்டன. இரண்டு இடங்களையும் நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புதான். உறுப்பினர் அட்டை இருந்தால் இரண்டுக்கும் தனிக் கட்டணம் கிடையாது.

மணலும் கடலும்தான் முக்கியம் என்பவர்கள் ஸ்கார்பரோவுக்கே போகலாம். விட்பியில் மேற்குக் குன்றின் கீழே நல்ல கடற்கரை உண்டு. நீர் இறங்கும்போது சாண்ட்ஸெண்ட் கிராமம் வரை மணலிலேயே நடக்கலாம். ஆனால் வசதிகள் குறைவு. ஸ்கார்பரோவில் இரண்டு விரிகுடாக்கள். தெற்கே கழுதைச் சவாரி, விளையாட்டு இயந்திரக் கூடங்கள், ஐஸ்கிரீம், இரைச்சல். வடக்கே அமைதி, அலைச்சறுக்குபவர்கள், வண்ண வண்ணக் குடில்கள். தென் விரிகுடாவில் குளிக்கும் நீரின் தரம் பற்றி அண்மை ஆண்டுகளில் குறைகள் எழுந்திருக்கின்றன. இறங்கும் முன் கரையில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். எந்த ஊரானாலும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டுமே குளியுங்கள். ஆகஸ்டிலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும்.

கடற்கரை விடுமுறை என்ற பழக்கமே வேரூன்றிய இடங்களில் ஸ்கார்பரோ முக்கியமானது. 1620களில் குன்றடியில் ஒரு தாதுநீர் ஊற்றைக் கண்டார்கள். நோய் தீரும் என்று அதைக் குடிக்கப் பணக்காரர்கள் வந்தார்கள், அப்புறம் கடலிலும் இறங்கினார்கள். 1735இல் வரைந்த ஒரு படத்திலேயே சக்கரம் வைத்த குளியல் வண்டிகள் இந்த மணலில் நிற்கின்றன. அந்த ஊற்று இருந்த இடத்தில்தான் இன்றைய ஸ்பா மண்டபம். அங்கே கோடையில் வாசிக்கும் இசைக்குழு, பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் எஞ்சியிருக்கும் கடைசித் தொழில்முறைக் குழு. குன்றின் மேலிருந்து ஸ்பாவுக்கு இறங்க 1875இல் வைத்த விஞ்ச் பெட்டிதான் பிரிட்டனின் முதல் மலைச்சரிவு ரயில். 1881இல் திறந்த இன்னொன்று ஊர் நடுவே மேலும் கீழும் போகிறது. மூட்டுவலி அம்மாக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு விட்பியில் இல்லை. 1867இல் திறந்த கிராண்ட் ஹோட்டலைக் கீழிருந்தே நிமிர்ந்து பாருங்கள். பருவங்களுக்கு நான்கு கோபுரம், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளம், வாரங்களுக்கு 52 புகைபோக்கி, நாட்களுக்கு 365 அறை என்று கணக்கு வைத்துக் கட்டியது.

குழந்தைகளுக்கு? பீஸ்ஹோம் பூங்கா. 1912இல் திறந்த இந்தப் பூங்காவின் ஏரியில் டிராகன் வடிவப் படகுகளை மிதித்து ஓட்டலாம். கோடையில் வாரத்தில் சில நாள் பிற்பகலில் அந்த ஏரியில் ஒரு கடற்போர் நடக்கும். சின்னச் சின்னப் போர்க்கப்பல்கள், புகை, வெடிச்சத்தம். பெரிய கப்பல்களுக்குள் ஆட்களே உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். 1927 முதல் நடந்துவரும் இந்த வேடிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நகராட்சி தன் மக்களை மகிழ்விக்க இவ்வளவு மெனக்கெடுவதை வேறெங்கே பார்ப்போம்? பூங்காவை ஒட்டி 1931இல் தொடங்கிய குட்டி ரயில் ஒன்று கடலோரமாக ஓடுகிறது. விட்பியில் பிள்ளைகளுக்கென்று இந்த அளவுக்கு எதுவும் இல்லை. நண்டு பிடிக்கும் கயிறும் வாளியும் வாங்கிக் கொடுத்துத் துறைமுகச் சுவரில் உட்காரவைத்தால் இரண்டு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான்.

அருங்காட்சியகங்களில் தேர்வு கஷ்டம். விட்பியில் கிரேப் லேன் தெருவில் இருக்கும் வீட்டில்தான் 1746இல் கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பல் தொழில் கற்க வந்து சேர்ந்தார். பயிற்சிப் பையன்கள் தங்கிய பரணை இன்றும் பார்க்கலாம். அவர் பின்னால் பசிபிக் போன எண்டெவர், விட்பியில் நிலக்கரி ஏற்றக் கட்டிய கப்பல். தட்டையான அடி என்பதால் கரையில் ஏற்றி நிறுத்திப் பழுது பார்க்க முடிந்தது. பவளத்திட்டில் மோதி ஓட்டை விழுந்தபோது அதுதான் கைகொடுத்தது. ஸ்கார்பரோவின் ரொட்டுண்டா 1829இல் திறந்த வட்டக் கட்டடம். இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை 1815இல் வெளியிட்ட வில்லியம் ஸ்மித்தின் யோசனையில், பாறை அடுக்குகளின் வரிசைப்படியே புதைபடிவங்களை அடுக்கி வைத்தார்கள். சிறியது, ஒரு மணி நேரம் போதும்.

புதைபடிவம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விட்பிக் கரையில் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருள் வடிவப் புதைபடிவம், நம் வீட்டுப் பூஜையறைச் சாளக்கிராமத்தின் இனம்தான். கண்டகி ஆற்றில் கிடைத்தால் விஷ்ணு சக்கரம். விட்பிக்காரர்களுக்கோ, ஹில்டா சபித்துக் கல்லாக்கிய பாம்பு. தலை இல்லையே என்று அதற்குத் தலை செதுக்கி விற்றார்கள். பானெட் பூங்கா அருங்காட்சியகத்தில் இந்தப் பாம்புக்கல்லையும் பெரிய கடல் ஊர்வனப் படிவங்களையும் பார்க்கலாம். கரையில் தேடுவதாக இருந்தால் மணலில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். குன்றடியை நெருங்க வேண்டாம், கல் விழும். நீர் ஏறும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராகுலாவைத் தேடி வருபவர்கள் விட்பிக்குத்தான் வருவார்கள். டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890இல் மேற்குக் குன்றில் தங்கினார். இந்த ஊர் நூலகத்தில் படித்த நூலில்தான் டிராகுலா என்ற பெயரைக் கண்டார். 1885இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் இங்கே தரைதட்டியதும் 1897இல் வெளியான அவருடைய நாவலுக்குள் வந்துவிட்டது. ஸ்கார்பரோவின் இலக்கிய நினைவு வேறு மாதிரி. எழுத்தாளர் ஆன் பிராண்டி 1849 மே மாதத்தில் உடல்நலம் தேடி இங்கே வந்து, சில நாட்களிலேயே இறந்தார். கோட்டைக்குக் கீழே புனித மேரி தேவாலயத்தை ஒட்டி அவர் கல்லறை. 29 வயதில் இறந்தவருக்கு 28 என்று பொறித்திருந்தார்கள். திருத்திய பலகை இந்த நூற்றாண்டில்தான் வைத்தார்கள். நாடகம் பிடிக்கும் என்றால் ஸ்டீபன் ஜோசப் அரங்கில் ஒரு மாலை. நாடகாசிரியர் ஆலன் எய்க்போர்ன் தன் நாடகங்களில் பெரும்பாலானவற்றை முதலில் மேடையேற்றியது இந்த ஊரில்தான்.

சாப்பாடு. மீனும் சிப்ஸும் விட்பியில் ஒரு படி மேல் என்பது என் நாக்கின் தீர்ப்பு. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று. யார்க்‌ஷயரில் மரபாகவே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், மீனை மட்டுமல்ல, சிப்ஸையும். ‘உருளைக்கிழங்கு தானே’ என்று சைவக்காரர்கள் வாங்கிவிடக் கூடாது. எதில் பொரிக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள், மறைக்க மாட்டார்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன. மீன் சாப்பிடுபவர்கள் விட்பியில் ஹென்ரியட்டா தெருவில் 1872 முதல் இயங்கும் ஃபார்ச்சூன்ஸ் கடையின் புகையூட்டிய ஹெர்ரிங் மீனை வாங்கி வாருங்கள். நெத்திலிக் கருவாடு பிடிக்கிறவர்களுக்கு இதுவும் பிடிக்கும். ஸ்கார்பரோவில் துறைமுகம் எதிரே மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும் ஹார்பர் பார் ஐஸ்கிரீம் கடை, 1945இல் தொடங்கியது. இரண்டு ஊரிலும் கடற்காக்கைகள் கையிலிருந்தே பறிக்கும். சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இரண்டு நாள் கிடைத்தால் ஸ்கார்பரோவில் அறை எடுங்கள். மறுநாள் காலை எக்ஸ்93 பேருந்தில் விட்பிக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான். நன்றாக நடப்பவர்கள் வழியில் ராபின் ஹூட்ஸ் பே கிராமத்தில் இறங்கிக்கொள்ளலாம். 1965இல் மூடிய ரயில் பாதை இப்போது நடைபாதையாக இருக்கிறது, அதிலேயே விட்பி வரை போய்விடலாம். வானம் தெளிவாக இருந்தாலும் பையில் ஒரு ஸ்வெட்டர் வையுங்கள். வெயில் நாளிலும் கடலிலிருந்து ‘ஃப்ரெட்’ என்னும் மூடுபனி திடீரென ஏறி மடாலயத்தையே மறைத்துவிடும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை விட்பியில் இறங்கியதுமே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அது நாம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும்.