ஃபியட்டுக்கு டிஸ்க் பிரேக் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பாசடர்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எங்கள் வண்டி 1984 மாடல், அப்பா வாங்கியது. வீட்டில் இன்றைக்கும் அதற்கு ‘ஃபியட்’ என்றுதான் பெயர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்தும் வகை. ஷூவை ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்து, நல்ல லைனிங் போட்டு, அப்பா அதை வைத்தே கடைசிவரை ஓட்டினார். இன்றைய நான்கு வழிச்சாலையில் முன்னால் போகிறவன் சட்டென்று நிறுத்தினால் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மழைத் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடிக்காது. அதனால் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் (சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும் பிரேக்) போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கோவைப் பக்கம் ஒரு பட்டறை. நுகர்வோர் ஆணையத்தில் விசாரணை நடப்பதால் பெயரை எழுதவில்லை. டிஸ்க், பேடை அழுத்தும் புதுக் கேலிப்பர், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் புது மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று பேசினோம். முன்பணம் 30,000. ஒரு வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. வண்டியை எடுக்கப் போனால் பூஸ்டரைக் காணோம். "லைட் வெயிட் வண்டி சார், இதுக்கு பூஸ்டர் தேவையில்லை" என்றார் முதலாளி. பில்லில் ‘டிஸ்க் பிரேக் வேலை’ என்று ஒரே வரி. அங்கேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும்.

டிரம்மில் முன்பக்க ஷூவைச் சுற்றும் டிரம்மே உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். கால் கொடுக்கும் பலம் போக வண்டியே கொஞ்சம் பலம் சேர்க்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, முழுப் பலமும் காலிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பலத்தைக் கூட்டிக் கொடுக்கத்தான் பூஸ்டர் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் நாளிலிருந்தே பெடல் பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு தடவை பம்ப் செய்தால்தான் பிடிக்கும். முன்சக்கரம் தொட்டால் சுடும், வண்டியும் இழுவையாக ஓடியது. போன் செய்தேன். "புது பேட் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். நம்பினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். ஏறும்போது பிரச்சினை இல்லை. சேலம் பக்கம் இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்கியிருப்போம், பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னமோ கருகற வாடை வருதுடா" என்றார். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்திலிருந்து லேசான புகை. பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து வீல் கப் மேல் உதறினேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டுக் கிளம்பினோம். இரண்டாவது வளைவில் பெடலை மிதித்தேன். கால் நேராகத் தரைக்குப் போனது. பம்ப் செய்தேன், ஒன்றுமே இல்லை.

ஹேண்ட் பிரேக் பின் டிரம்மை கேபிள் வழியாக இழுப்பது என்பதால் அது மட்டும் வேலை செய்தது. இரண்டாவது கியரிலிருந்து முதலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி மலைப்பக்கம் திருப்பி ஓடைக்குள் இறக்கினேன். மட்கார்டு நசுங்கியது. யாருக்கும் அடியில்லை. அம்மாவுக்கு மட்டும் கை நடுக்கம் நிற்க ராத்திரி ஆனது.

சேலத்தில் பழைய வண்டிகள் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கட்டி இழுத்துப் போனோம். சக்கரத்தைக் கழற்றியதும் அவர் சொன்னது: "தம்பி, நிப்பிள் எங்க இருக்கு பாருங்க."

ஏர் எடுக்கும் நிப்பிள், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடும் சின்னக் குழாய், கேலிப்பரின் அடியில் இருந்தது. இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலேதான் தங்கும். நிப்பிள் அடியில் இருந்தால் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் ஆயில்தான் வரும், காற்று உள்ளேயே கிடக்கும். பெடல் பஞ்சாக இருந்ததன் காரணம் இதுதான். பெரியவர் ஸ்க்ரூ டிரைவரால் கேலிப்பரைச் சுரண்டினார். கறுப்புப் பெயின்டுக்கு அடியில் துரு. மாருதி 800-லிருந்து கழற்றிய பழைய சரக்கு. டிஸ்க்கின் போல்ட் துளைகள் ஒத்துவராததால் பக்கத்திலேயே புதுத் துளை போட்டிருந்தார்கள்.

மாஸ்டர் சிலிண்டரும் என்னுடைய பழையதுதான், துடைத்துப் பெயின்ட் அடித்தது. உயிருக்கே உலை வைத்தது இதுதான். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு செக் வால்வு உண்டு. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் ஒட்டியே இருக்கும்படி, காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது தக்கவைக்கும். டிரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வலுவான ஸ்பிரிங் இருப்பதால் அது தொந்தரவில்லை. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை. பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வரும். குமிழியை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது.

பட்டறைக்குப் போன் செய்தேன். "மலைக்கு எடுத்துட்டுப் போவேன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்." என்னுடைய பழைய டிரம், பேக் பிளேட் எங்கே என்றேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம். அதற்காகப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன்.

நீங்கள் மாற்றுவதாக இருந்தால், மாட்டுவதற்கு முன் பொருட்களை மேசைமேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் டிஸ்க்குக்கு ஏற்றதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வண்டியை அங்கே விடாதீர்கள். வண்டியை எடுக்கும்போது குனிந்து நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கி போட்டு, பிரேக்கை மிதித்து விட்ட பிறகு சக்கரம் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பிரேக் ஆயில் போகும் ஹோஸ் டயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வண்டியில் இப்போது மறுபடியும் டிரம்தான். கழற்றிய டிஸ்க், கேலிப்பர், பெயின்ட் அடித்த மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் கோணிப்பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஆணையத்தில் கேட்கும் நாளில் அப்படியே தூக்கிக்கொண்டு போவேன்.