பேர் இல்லாத வாதப் பொடி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

அம்மாவுக்கு வயது 62. விரல்களிலும் முழங்காலிலும் வலி, காலையில் கை மடங்காது, எந்நேரமும் அசதி. எங்கள் பகுதியில் பேர்போன ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம். பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் அங்கே ஆட்கள் வருகிறார்கள். "ஒண்ணும் பயப்படாதீங்க அம்மிணி, வயசானா வர்ற வாதம்தான்" என்றார் வைத்தியர். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை.

கொடுத்தது பழுப்புக் காகிதத்தில் மடித்த பொடிப் பொட்டலங்கள். மேலே மருந்தின் பெயரோ தேதியோ கிடையாது. என்ன பொடி என்று கேட்டால் குடும்ப ரகசியமாம். துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதியிருந்தது.

வலி உடனே பறந்துவிட்டது. அப்புறம் முகம் உப்பி வட்டமானது, சர்க்கரை ஏறியது. போய்க் கேட்டால், மருந்து பிடிக்கிறது என்றார்கள். ஒருநாள் மூச்சை இழுத்தாலே நெஞ்சில் குத்துகிறது என்று அம்மா அழுதபோதுதான் கோவைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர்.

மூட்டுவாத டாக்டர் ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனைகள், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்து லூபஸ் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோயாம். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அது இளம்பெண்களுக்கு வருவது, கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி சிவக்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? 50 வயதுக்கு மேல் தொடங்கினால் அந்தச் சிவப்பும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவாம். மூட்டுவலி, கண்ணும் வாயும் உலர்வது, நுரையீரல் தொந்தரவு என்று மெதுவாக வருமாம். ஆண்களுக்கும் வரலாம். ஏஎன்ஏ மட்டும் பாசிட்டிவ் என்றால் லூபஸ் ஆகிவிடாது, நல்ல ஆரோக்கியமான முதியவர்களுக்கும் அப்படி வரும் என்றார். சில ரத்த அழுத்த மாத்திரை, காசநோய் மாத்திரைகூட லூபஸ் மாதிரியே காட்டும் என்பதால், அம்மா சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் வாங்கிப் பார்த்தார்.

உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் அளவு மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் உடம்பு அதைச் சுரப்பதைக் குறைத்துவிடுமாம். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. நோயை அமுக்கி வைத்தே காசு பார்த்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மீதிப் பொட்டலங்களோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். ஸ்டீராய்டு இருந்தால் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.