குதிரைகளோடு தங்க எந்த மலை: கோத்தகிரியா, பூம்பாறையா?

அப்பா போய் நாற்பது நாள் கழித்து நான் மலைக்குக் கிளம்பியபோது அம்மா வாசலை மறித்து நின்றாள். "தலைத்திவசம் முடியாம மலை ஏறுவாங்களாடி?" துணைக்கு வந்து தங்கியிருந்த பெரியத்தைதான் தீர்ப்பு சொன்னார்: மலைக்கோயிலுக்குத்தான் போகக் கூடாது, மலைக்குப் போகலாம். அந்தச் சந்தில் நுழைந்துதான் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை போய்ச் சேர்ந்தேன். அதே மாதம் என் தம்பி நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட வீட்டில் பத்து நாள் இருந்தான். சோழிங்கநல்லூரில் பத்து வருஷம் ஐ.டி. வேலை பார்த்தவன். பதினாறாம் நாள் காரியத்தன்றுகூட லேப்டாப்பை மூட முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வீடுகளிலும் குதிரைகள் உண்டு. பிறகு இடம் மாற்றியும் போய்ப் பார்த்தோம். யாருக்கு எது சரி என்பதில் இன்றுவரை எங்களுக்குள் சண்டைதான். நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன் அவுட்' என்பதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்று வரையறுத்தது. சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலை மேல் கசப்பு, என்ன செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளம். தம்பிக்கு மூன்றுமே இருந்தன. அப்பா அவனுக்கும் அப்பாதான். ஆனால் அவனைத் தின்றுகொண்டிருந்தது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனக்கு வேலையில் குறையே இல்லை. மதியம் மூன்று மணி ஆனால் யாருக்கோ காப்பி போட எழுந்துவிடுவேன், அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து என்று எழுதிவைத்திருக்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

ஏரிக்கரைக் குதிரைகளைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். ஊட்டி படகு இல்லத்துப் பக்கமும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் மட்டக்குதிரைகள் வாடகைக்கு நிற்கும். ஏறி உட்கார்ந்தால் குதிரைக்காரர் லகானைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருவார், போட்டோ எடுப்பார், கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார். குழந்தைகளுக்குச் சந்தோஷம். குதிரைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், சீசனில் சம்பாதித்துத்தான் மீதி மாதங்களுக்கும் கொள்ளும் தவிடும் வாங்க வேண்டும். ஆனால் மனசு கனத்து வருகிறவருக்கு அங்கே எதுவும் இல்லை. பின்னால் அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருக்கும்.

குதிரையேற்றப் பயிற்சி இன்னொரு வழி. நீலகிரியில் குதிரைக்குப் பழைய வேர் உண்டு: ஊட்டிப் பந்தயம், வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய வேட்டைச் சவாரி. முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த மலைதான். ஆனால் பர்ன் அவுட் ஆனவர்களை அங்கே அனுப்பாதீர்கள் என்பேன். தம்பியிடம் சேணத்தையும் அங்கவடியையும் காட்டினால் போதும், எத்தனையாவது நாளில் நாலுகால் பாய்ச்சல் என்று எக்செல்லில் கட்டம் போட்டுவிடுவான். விட்டுவிட்டு வந்த வேலையே குதிரை வடிவில் திரும்பி வரும்.

அவன் தங்கிய வீட்டில் நல்லவேளையாகச் சவாரியே கிடையாது. வயதான மூன்று குதிரைகள், சரிவில் ஒரு வேலி, கீழே தேயிலை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம்தான், ஊட்டியைவிடக் குளிர் குறைவு. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறைத்துவிடுவதால் ஜூலையில்கூட வெயில் எட்டிப் பார்க்கும். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் நேராகப் போய்விடலாம். சுற்றிலும் படுகர் ஊர்கள், கடை, மெடிக்கல், ஏ.டி.எம். எல்லாம் கைக்கெட்டும் தூரம். செல்போன் சிக்னலும் முழுசாகக் கிடைக்கும், அதுதான் அதன் பெரிய குறை. முதல் மூன்று நாள் தம்பி வேலியோரம் நின்று ஆபீஸின் தினசரி 'ஸ்டேண்ட்-அப் கால்' பேசியிருக்கிறான். நாலாம் நாள் வீட்டுக்கார அம்மா போனை வாங்கி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை, காலையில் லாயத்தில் லத்தி அள்ளுவது. அள்ளியதும் தெரியும், தரை சுத்தமாக இருக்கும். மறுநாள் அதே அளவு இருக்கும். யாரும் பாராட்ட மாட்டார்கள், யாரும் மெயில் போட மாட்டார்கள். மதியம் குதிரை பக்கத்தில் உட்கார்ந்து அதன் விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று வாட்ச் பார்த்து எண்ணினானாம். ஓய்வாக நிற்கிற குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறைதான் மூச்சு விடும். எண்ணிக்கொண்டே வாட்சைக் கட்டிய கையோடு தூங்கிப்போனேன், மூணு மணி நேரம் என்றான். இரண்டு வருஷமாக மாத்திரை போட்டும் வராத தூக்கம்.

நான் அங்கே போனபோது எனக்கு ஒட்டவில்லை. அழகான வீடு, அன்பான ஜனங்கள், சாப்பாட்டு மேஜையில் எல்லா விருந்தினரும் ஒன்றாக உட்கார வேண்டும். "நீங்க எதுக்காக வந்திருக்கீங்க?" என்று எதிரே இருந்தவர் கேட்டார். ரசத்தைப் பார்த்துக்கொண்டு "சும்மா" என்றேன்.

பூம்பாறையில் யாரும் கேட்கவில்லை. கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டர் போல, மன்னவனூர் போகிற வழி. படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து விளைச்சல்தான். நான் தங்கியது ஒரு விவசாயி வீட்டின் பின்கட்டு. வெந்நீருக்கு விறகு அடுப்பு, சிக்னலுக்கு மொட்டைமாடி. அங்கே இருந்த இரண்டு குதிரைகள் அலங்காரத்துக்கு வளர்க்கப்பட்டவை அல்ல, வயலிலிருந்து மூட்டை சுமப்பவை. பழனி மலையில் குதிரைக்கு இந்த வேலை புதிதில்லை. வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகெவிக்கு அரிசி பருப்பு முதல் எல்லாம் நெடுங்காலம் குதிரை முதுகில்தான் போயிருக்கின்றன.

ஆறாம் நாள் காலை. வீட்டுக்கார அண்ணன் ராத்திரி ஊறப்போட்ட கொள்ளை அண்டாவில் வேகவைத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் ஆவி என் முகத்தில் அடித்தது. அப்பாவுக்குச் சளி பிடித்தால் எங்கள் வீட்டில் மூன்று நாளைக்குக் கொள்ளு ரசம்தான், அந்த வாசனை சமையலறையிலிருந்து தெருவரை நிற்கும். ஆஸ்பத்திரியிலும் காரியத்திலும் வராத அழுகை அங்கே, அண்டாவுக்கு முன்னால் வந்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் கொள்ளை ஆறவிட்டு, வாளியில் தவிட்டோடு பிசைந்து என் கையில் கொடுத்தார். செம்பட்டைக் குதிரை வாளிக்குள் தலையை விட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன், அது மென்றுகொண்டிருந்தது. ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தது. வாளி காலியானதும் மூக்கால் பெரிதாக ஒரு மூச்சு விட்டு, என் சட்டையெல்லாம் தவிட்டை அப்பிவிட்டுப் போய்விட்டது.

குதிரைக்கு என் துக்கம் புரிந்தது என்று கதை கட்ட மாட்டேன். 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் குதிரைகளுக்கு மனிதர்களின் படங்களைக் காட்டிப் பார்த்தபோது, கோபமான முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத்துடிப்பு சீக்கிரம் ஏறியது. அதாவது நம் முகத்தை ஓரளவு படிக்கின்றன. அதற்கு மேல் நாம் ஏற்றுவது நம் ஆசை. எனக்கு வேண்டியிருந்தது புரிதலும் இல்லை. "அழாதம்மா" என்று சொல்லாத, ஆனால் விலகியும் போகாத ஒரு உயிர் பக்கத்தில் நின்றது, அது போதுமாயிருந்தது.

தம்பி பூம்பாறையில் இரண்டே நாளில் பொறுமை இழந்தான். மழை பிடித்துக்கொண்டது, போக வர பஸ் குறைவு, செய்ய ஒரு வேலையும் இல்லை. "இங்க இருந்தா நான் இன்னும் யோசிக்கிறேன் அக்கா" என்றான். அதுவும் நியாயம்தான். வெறுமை எல்லாருக்கும் ஆகாது.

குதிரை இல்லாத ஒரு போட்டியாளரையும் சொல்லிவிடுகிறேன்: கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் 1996 முதல் இருக்கும் போதி ஜென்டோ தியான மையம். மௌனத்தோடு ஒழுங்கும் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல இடம். எனக்கு மௌனம் சரி, மணியடித்ததும் உட்காருவதுதான் முடியாது.

எங்கே போனாலும் சில காரியங்கள். நாங்கள் தங்கிய இரண்டு வீட்டிலும் மனநல ஆலோசகர் கிடையாது, அவர்களும் மறைக்கவில்லை. வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டவர் முதலில் டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண் 14416இல் பேச வேண்டும், தமிழிலேயே பேசலாம், மலை அப்புறம். லாயத்தில் வேலை செய்வதானால் டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டுக்கொண்டு, விரலை மூடும் ஷூவோடு போங்கள். குதிரைக்கு நேர் பின்னால் நடக்காதீர்கள், அந்த இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியபின் தனியாக வெளியே போகாதீர்கள்: கோத்தகிரியில் கரடி, இரண்டு மலையிலும் காட்டுமாடு. அக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை, நீலகிரியில் மண்சரிவும் உண்டு. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்துக்கு வேண்டாம்.

வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்: குதிரைக்கு வாரத்தில் எத்தனை நாள் லீவு? பூம்பாறை அண்ணன் யோசிக்காமல் சொன்னார், மூட்டை இல்லாத நாளெல்லாம் லீவுதான். வேறொரு ரிசார்ட்டில் கேட்டபோது, "கெஸ்ட் எப்ப கேட்டாலும் ரெடி மேடம்" என்றார்கள். போனை வைத்துவிட்டேன்.

அப்பாவின் தலைத்திவசம் மாசியில் வருகிறது. அது முடிந்ததும் அம்மாவும் பூம்பாறை வருகிறாளாம். குதிரையைப் பார்க்க இல்லை, குழந்தை வேலப்பரைப் பார்க்க. "ஒரு வருஷமா ஏறல, காத்திருப்பார்" என்கிறாள்.