1948, 1969, 2008: தோட்டத்தைப் புரட்டிய ஆண்டு எது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தேர்தல் வந்தாலே பசியாறும் நேரத்தில், ரப்பர் தோட்டத் தமிழர் வாழ்க்கையைப் புரட்டிய ஆண்டு எது என்ற இந்த வாக்குவாதமும் வந்துவிடும். பெரியவர்கள் 1969 என்பார்கள், இளசுகள் 2008 என்பார்கள். 1948ஐ யாரும் வாயில் எடுப்பதில்லை. அது வெடித்ததே இந்த ஊரில்தான்.

1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். ஆனால் தோட்டத்துக்கு அடி விழுந்தது அதற்கு முன்பே. மே மாத முடிவில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதில் முக்கியமானவை இரண்டு விதிகள். சங்கப் பொறுப்பாளருக்கு அந்தத் தொழிலில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தான் கூட்டமைப்பாகலாம். கணக்கு வழக்கும் சட்டமும் தெரிந்த வெளியாளை முதல் விதி வாசலிலேயே நிறுத்தியது. இரண்டாவது அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது: பால்மரம் வெட்டுகிறவரும் துறைமுகத் தொழிலாளியும் இனி ஒரே கொடியின் கீழ் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் அத்தோடு கலைந்தது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தோட்டத் தொழிலாளி தோட்டத் தொழிலாளிக்காக மட்டுமே பேசலாம் என்ற வேலி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

1969இலும் இதே முன்பின் குழப்பம். மே 10 தேர்தல், மே 13 கலவரம், 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் முடக்கம், பிறகு புதிய பொருளாதாரக் கொள்கை. 'மே 13க்குப் பிறகுதான் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களைத் துரத்தினார்கள்' என்று லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்றும் சொல்வார்கள். குடியுரிமை இல்லாத அந்தச் சிவப்பு அட்டைக்காரருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் 1968இலேயே நிறைவேறிவிட்டது. கலவர ஆண்டில் அது தோட்டத்துக்குள் வந்தது, அவ்வளவுதான்.

அதன் வேரும் 1957இல் இருக்கிறது. மெர்டேக்கா (சுதந்திர) நாளிலோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன் (1962இல் அந்த விதியை இறுக்கினார்கள்). முன்னால் பிறந்தவர்களில் பலர் மனுப் போட்டு, இத்தனை ஆண்டு இங்கே வசித்தேன் என்று காட்டி, மலாய் பேசத் தெரியும் என்றும் நிரூபிக்க வேண்டும். படிப்பறியாத பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்த மனுவின் அருமை புரியவில்லை. ஒரே லயத்து வீட்டில் தாத்தாவுக்குச் சிவப்பு, பேரனுக்குக் குடிமகனின் நீல அட்டை. பெர்மிட் போனால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், அது தோட்டத்து வீடு. பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கிய குடும்பங்களின் கதை இதுதான்.

2008 இதற்கு நேர்மாறு. அங்கே சத்தம் முன்னால் வந்தது, சட்டம் பின்னாலேயே வரவில்லை. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி, கண்ணீர்ப் புகை. 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணிக்கு 222இல் 140 இடம். மூன்றில் இரண்டு பங்குக்கு 148 வேண்டும். அதில் இருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) 9இலிருந்து 3க்கு இறங்கியது. 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமாரிடம் 1,821 வாக்கில் தோற்றார். இந்த ஊருக்கு அது பெரிய அதிர்ச்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் பேராக்கில் எதிர்க்கட்சிகளுக்குக் கைமாறிய மாநில ஆட்சி, 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதும் தேர்தலே இல்லாமல் கவிழ்ந்தது.

ஓட்டின் விலையை உயர்த்தியதில் 2008க்குத்தான் முதலிடம். குடும்பங்களைப் பிரித்ததில் 1969. ஆனால் மூன்றில் கனமானது 1948 என்பதே எங்கள் கணிப்பு. அன்று தொழில் வாரியாகப் பிரிக்கப்படாமல் இருந்திருந்தால், 1969இல் பெர்மிட் கேட்டு வந்தவர்களிடம் துறைமுகமும் சேர்ந்து குரல் கொடுத்திருக்கும்.

2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததை 2008இன் வரவில் எழுதுகிறவர்களோடு சண்டையில்லை. அது வந்தபோது தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிகள். தாத்தாவிடம் கேட்ட பெர்மிட்டை இன்று அதே பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) காட்டி நிற்பவர் இந்தோனேசியர்.