தாடை வலிக்கு யாரிடம் போவது: காது டாக்டரா, பல் டாக்டரா, பிசியோவா?

காது வலி என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், "காதில் ஒன்றுமில்லையே" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருக்கும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒன்று நகர்கிறதே, அந்த மூட்டுதான். காதில் சீழ் வந்தாலோ, கேட்பது மந்தமானாலோ காது டாக்டரிடம் போவதே சரி. மெல்லும்போது வலி கூடுகிறது, கொட்டாவி விட்டால் 'டக்' என்கிறது என்றால் பல் டாக்டரிடம் போங்கள்.

தேய்ந்த பற்களைப் பார்த்ததுமே, தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறீர்களா என்று தெருமுனை பல் கிளினிக் டாக்டரே கேட்டுவிடுவார். நைட் கார்டுக்கு, அதாவது தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் உறைக்கு, அளவெடுக்கவும் அவர் போதும். வலி மாதக்கணக்கில் இழுத்தால் பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவப் பிரிவுதான் என் தேர்வு. நம் விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பொதுவாக வாய்க்குள் போக வேண்டும். வாய் திறக்கும் அந்த அளவை அங்கே மில்லிமீட்டரில் அளப்பார்கள். கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தி, வலி தசையிலா மூட்டிலா என்று பிரித்துப் பார்ப்பார்கள். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூட்டுக்குள் இருக்கும் வட்டு தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். ஆனால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. திறந்த வாய் மூட முடியாமல் சிக்கிக்கொண்டால் மட்டும் எதையும் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

நைட் கார்டில் இரண்டு ரகம். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் ஆன்லைன் சரக்கு மலிவு. மெத்தென்று இருப்பதால் சிலர் தூக்கத்தில் அதையே மென்றுகொண்டிருப்பார்கள். அளவெடுத்துச் செய்யும் கெட்டி அக்ரிலிக் விலை பல மடங்கு, ஆனால் பல்லில் சரியாக உட்காரும், நாள்பட உழைக்கும். எதை வாங்கினாலும் கடிக்கும் பழக்கம் போய்விடாது. பல் தேயாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை.

பிசியோவை நம் ஊரில் யாரும் நினைப்பதே இல்லை. தசைவலி என்று தெரிந்துவிட்டால் நான் முதலில் பணம் செலவழிப்பது அங்கேதான். தாடைப் பயிற்சி, கழுத்துப் பயிற்சி, அப்புறம் பகலில் பல்லைக் கடிக்கிறோமா என்று கவனிக்கும் பழக்கம். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒட்டக்கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் பல்லைக் கடித்தபடி வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றே பாதி நிவாரணம்.

போடாக்ஸ் ஊசி தசையைத் தளர்த்தும். சில மாதங்களில் வீரியம் இறங்கிவிடும், மறுபடி ஊசி, மறுபடி செலவு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே "பல்லைக் கொஞ்சம் சீவிக் கடியைச் சரிசெய்துவிடலாம்" என்பவரிடம் மட்டும் தலையாட்டாதீர்கள். சீவிய பல் திரும்ப வளராது, இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

பல் கடிப்போடு பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஃப்ளூஆக்செட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளாலும் சிலருக்குப் பல் கடிப்பு வரும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் பல் டாக்டரிடம் நேரம் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.